கையில நிக்காத மோதிரம்

சன்னல் பக்கம் நீங்களே உக்காருங்கண்ணே. நீங்க ராஜபாளையத்துல இறங்கிருவீங்க, நான் செங்கோட்டை வரைக்கும் போறவன். அப்புறமா நகந்துக்கிறேன்.

வேலையா? அதைக் கேக்காம விட்டுருவீங்கன்னு நெனச்சேன். சரி, சொல்றேன். சேர் செய்றேன். மர சேர் இல்ல, பிளாஸ்டிக்கும் இல்ல. கம்ப்யூட்டருக்குள்ள ஒரு ஊர் இருக்குண்ணே. நெச ஊர் இல்ல, பொம்மை ஊர். உலகம் பூரா இருக்கிற ஆளுங்க ஆளுக்கொரு பொம்மையா அதுக்குள்ள திரியிறாங்க. வீடு கட்டுறாங்க, தோட்டம் போடுறாங்க, சாயங்காலம் ஆனா டான்ஸ் ஆடுறாங்க. அந்த வீட்டுக்கு சேர் வேணும்ல, ஊஞ்சல் வேணும்ல, அதை நான் செஞ்சு விக்கிறேன். செஞ்சாப் போதாது. பொம்மை வந்து தொட்டா உக்கார வைக்கணும், மறுபடி தொட்டா எந்திரிக்க வைக்கணும். அதுக்கு வரி வரியா கட்டளை எழுதணும். ஸ்கிரிப்டும்பாங்க. எங்க மாமியார் அவங்க தெருவுல, மருமகன் கம்ப்யூட்டர்ல சேர் செய்றாருன்னு பெருமையா சொல்லப்போய், ஒருத்தர் காதுகுத்துக்கு நூறு சேர் வாடகைக்குக் கிடைக்குமான்னு எனக்குப் போன் பண்ணிட்டார். இருக்குங்க, ஆனா உக்கார முடியாதுன்னேன். வச்சுட்டார்.

செங்கோட்டையில யாரா? என் வீட்டுக்காரி. செண்பகவல்லின்னு பேரு. கவர்மென்ட் ஸ்கூல்ல கணக்கு டீச்சர். பரீட்சை எழுதி, பாஸ் பண்ணி, வருசக்கணக்கா காத்துக் கெடந்து, போன ஜூன்லதான் செங்கோட்டைக்கு ஆர்டர் வந்துச்சு. ரெண்டு பேருமா போயிருவோம்ங்கன்னா. எங்களுக்குப் பிள்ளைங்க இல்ல, ஸ்கூல் மாத்தணும் கீத்தணும்ங்கிற தொல்லை இல்ல. ஆனா எனக்கு வேலை மதுரையில இருக்கேன்னேன். எங்க இருக்குன்னு கேட்டா. மேசையைக் காட்டுனேன். மேசையைத் தூக்கிட்டுப் போலாமேன்னா.

நான் விடல. பொறந்து வளந்த ஊரு, சொந்தபந்தம், வைகைத் தண்ணி, அது இதுன்னு ஒரு மணி நேரம் பேசினேன். வைகையில தண்ணி எங்க இருக்குன்னு அவ கேக்கல, நல்லவேளை. பேச்சுன்னு உக்காந்தா ஜெயிக்காம எந்திரிக்க மாட்டேண்ணே நான். அன்னைக்கும் ஜெயிச்சேன். மறுநாள் காலையில அவ பெட்டியோட பஸ் ஏறிட்டா.

பாத்துக்கங்க, இல்லாத ஊர்ல வேலை பாக்கிறவன், இருக்கிற ஊரை விட்டு நகர மாட்டேன்னு ஜெயிச்சிருக்கேன்.

ஒரு மாசத்துல அலுத்துப் போய் வந்துருவான்னு நெனச்சேன். வரல. வாரத்துக்கு ஒரு போன். சிலிண்டர் வந்துச்சா, கரண்ட் பில் கட்டியாச்சா, மாடி டேங்க்ல மூடி போட்டிருக்கா. அவ்வளவுதான். ஒருநாள் பேசுறப்போ, "உங்க வீட்டுல அந்தப் பழைய மிக்ஸி ஓடுதா"ன்னு கேட்டா. நம்ம வீட்டுலன்னு சொல்லலண்ணே, உங்க வீட்டுலன்னா. அன்னைக்குத்தான் எனக்குப் பயம் வந்துச்சு. இவ இனிமே எனக்கு இல்லையோன்னு பயம். ஆனா பயந்தா காட்டிக்குவமா? ஓடுது ஓடுதுன்னேன்.

இந்த நேரத்துலதான் எங்க மீனலோசனி அக்கா மக யாழினிக்குக் கல்யாணம். அவ ஆஸ்திரேலியாவுல இருக்கா. மாப்பிள்ளை இளஞ்செழியனும் அங்கதான், தஞ்சாவூர்க்காரங்க. ரெண்டு பேருக்கும் லீவு கிடைக்கல. அங்கயே ஒரு கோயில்ல பத்துப் பேரை வச்சுத் தாலி கட்டிக்கிறது, இங்க இருக்கிற சொந்தக்காரங்களுக்காக நலங்கு மட்டும் எங்க பொம்மை ஊர்ல வைக்கிறதுன்னு யாழினி முடிவு பண்ணிட்டா. நம்ம மாமாதான் இருக்காரேன்னுட்டா. அக்கா என்னைக் கூப்பிட்டு, "உன் வேலையால வீட்டுக்கு ஒரு உபகாரம் நடக்கப் போகுதுடா தம்பி, மொதத் தடவையா"ன்னு சொன்னா. அதைப் பாராட்டுன்னு எடுத்துக்கிட்டேன்.

மண்டபம் கட்டினேன். வாழை மரம் கட்டினேன். தேங்காய் உருட்டுறதுக்கு எழுதினேன், தலையில அப்பளம் உடைக்கிறதுக்கு எழுதினேன். நொறுங்குற சத்தத்துக்கு நெசமாவே ஒரு கட்டு அப்பளம் வாங்கி என் தலையிலயே உடைச்சு ரெக்கார்டு பண்ணினேன். கதவு தெறந்து கெடந்துச்சு, கூரியர் பையன் பாத்துட்டான். அதை விடுங்க.

பெரிய வேலை குடம்தான். நீங்களும் கல்யாணத்துல விளையாண்டிருப்பீங்கல்ல? குடத்துல மஞ்சத்தண்ணி ஊத்தி, மோதிரத்தைப் போட்டு, பொண்ணும் மாப்பிள்ளையும் ஒண்ணா கையை விட்டுத் துழாவுறது. மூணு தடவை. யார் எடுக்கிறாங்களோ அவங்க கைதான் வீட்டுல ஓங்கி இருக்கும்னு சொல்லுவாங்க. எங்க கல்யாணத்துல மூணு தடவையும் நான்தாண்ணே எடுத்தேன். மூணுக்கு மூணு. ஒலிம்பிக் ஜோதி மாதிரி கையைத் தூக்கிக் காட்டினேன், போட்டோவே இருக்கு.

ஸ்கிரிப்டு நல்லாத்தான் எழுதினேன். ரெண்டு பொம்மையும் குடத்துக்கு ரெண்டு பக்கம் உக்காரும். திரையில குடத்தோட உள்பக்கம் தெரியும், கலங்கலா. அவங்கவங்க கையை அவங்கவங்க ஓட்டணும். மோதிரம் கைக்குள்ள வந்ததும் கீபோர்டுல ஸ்பேஸ் பட்டனை அமுக்கிப் பிடிக்கணும். பிடிச்சிருக்கிற வரைக்கும் மோதிரம் கையில. விட்டா கீழ.

இதைச் சோதிச்சுப் பாக்க இன்னொரு ஆள் வேணுமே. அக்காவுக்கு மவுஸ் பிடிக்க வராது. பகல்ல சும்மா இருக்கிற சிநேகிதன்னு எனக்கு யாரும் கிடையாது, என்னைத் தவிர. செண்பகவல்லிக்கு ஒரு பொம்மை முன்னாடியே இருந்துச்சு. சேரெல்லாம் சரியா உக்காருதான்னு பாக்க நான் செஞ்சு கொடுத்தது, நீலப் புடவை கட்டின பொம்மை. யோசிச்சு யோசிச்சு போன் பண்ணினேன். தொழில் சம்பந்தமா ஒரு உதவின்னேன். பேப்பர் திருத்தணும்ங்க, அரை மணி நேரம்னா வர்றேன்னா.

வந்தா. திரையில குடத்தைப் பாத்ததும், "என்னங்க இது, அண்டா மாதிரி வாய வச்சிருக்கீங்க"ன்னா. ரெண்டு பேர் கையும் தாராளமாப் போயிட்டு வரணும்ல, அதான்னேன். "தாராளமாப் போறதுக்கா குடத்துல போடுறாங்க?"ன்னு கேட்டா. சரின்னு வாயைச் சின்னதாக்கினேன். மறுநாள் வந்து, கையும் கையும் படவே மாட்டேங்குது, ஒண்ணுக்குள்ள ஒண்ணு பூந்து போகுதுன்னா. பட்டா என்ன, படாட்டி என்னன்னேன். "படாட்டி இது கெணத்துல வாளி எடுக்கிற வேலை"ன்னா. டீச்சர்ல, விடமாட்டா. கை முட்டினா நிக்கிற மாதிரி அதையும் எழுதினேன். மூணு நாள் எடுத்துச்சு. எழுதி முடிச்சதும் ரெண்டு பேரும் கையை விட்டோம். பொம்மைக் கையும் பொம்மைக் கையும் முட்டிக்கிட்டு நின்னுச்சு. ஹெட்போன்ல மூச்சு மட்டும் கேட்டுச்சு. லைன் கட்டாயிருச்சோன்னு, "ஹலோ, கேக்குதா"ன்னு கத்தினேன்.

அதுக்கப்புறம்தாண்ணே அந்த பக் வந்துச்சு. பக்குன்னா ஸ்கிரிப்டுல கோளாறு. எப்பவும் மோதிரத்துக்கிட்ட மொதல்ல போறது அவ கைதான். அதுல குறை சொல்ல மாட்டேன், புதுசா ஆடுறவங்களுக்கு ஒரு யோகம் இருக்கும். எடுப்பா. கையில இருக்கிறது எனக்குத் தெரியும். கொஞ்ச நேரம் இருக்கும், அப்புறம் நழுவிக் கீழ விழுந்துரும். சரியா என் கைக்குப் பக்கத்துல. நான் எடுத்துருவேன். எடுத்துட்டு ஜெயிச்சுட்டேன்னு சொல்லிருவேன், பழக்கம் பாருங்க. அப்புறம்தான் ஐயோ இது கோளாறாச்சேன்னு ஞாபகம் வரும். ஒரு தடவை ரெண்டு தடவை இல்ல, எல்லாத் தடவையும் இதே கதை. என் கையில ஒட்டுது, அவ கையில நிக்க மாட்டேங்குது.

நெட்டு ஸ்லோவான்னு பாத்தேன். இல்ல. அவ லேப்டாப்புல ஸ்பேஸ் பட்டன் தேஞ்சு போயிருச்சோன்னு சந்தேகம். நல்லா அழுத்துறியான்னு கேட்டேன். அழுத்துறேங்கன்னா. சரி, பட்டன்தான்னு முடிவு பண்ணி, புதுசா ஒரு கீபோர்டு வாங்கி செங்கோட்டைக்குக் கூரியர்ல அனுப்பினேண்ணே. ஏன் சிரிக்கிறீங்க? நல்ல கீபோர்டு. அதுலயும் விழுந்துச்சு.

விடுவேனா? தெனமும் சாயங்காலம் அவ ஸ்கூல் விட்டு வந்ததும் போன். வா, இன்னொரு தடவை பாப்போம்பேன். அவளும் வருவா, பேப்பர் கட்டெல்லாம் எங்க போச்சோ தெரியாது. ஆடிக்கிட்டே பேசுவா. ஆறாம் வகுப்புல ஒரு பிள்ளை பின்னத்தைக் கண்டா அழுதுருதாம், அதைச் சொல்லுவா. மலையில மேகம் இறங்கி, துணி காயவே மாட்டேங்குதும்பா. சாரல் சன்னலுக்குள்ளயே அடிக்குதுங்க, இந்நேரம் நீங்க இங்க இருந்தா காபி கேப்பீங்கன்னா ஒருநாள். அதை விடு, கையைக் கொஞ்சம் இடது பக்கமாக் கொண்டு வான்னேன். கோளாறு எந்த இடத்துல வருதுன்னு நான் பாத்துக்கிட்டிருக்கேன், இவ சாரலைப் பேசுறா. சிரிச்சா. சிலிண்டர் வந்துச்சான்னு அந்த வாரம் கேக்கவே இல்ல, அது எனக்கு லேசா வருத்தமாக்கூட இருந்துச்சு.

நலங்குக்கு ரெண்டு நாள் இருக்கிறப்போ வழி கண்டுபிடிச்சேன். கோளாறு எங்கன்னு தெரியாட்டி என்ன, வரவிடாமப் பண்ணிட்டாப் போச்சு. ஒரு தடவை கையில மாட்டினா மாட்டினதுதான்னு எழுதிட்டேன். பட்டனை அமுக்கினாலும் சரி, விட்டாலும் சரி, மோதிரம் நழுவவே நழுவாது. அவளைக் கூப்பிட்டேன். கையை விட்டா, எடுத்தா. ஹெட்போன்ல பட்டன் டக்கு டக்குன்னு கேட்டுச்சு.

"என்னங்க, விட மாட்டேங்குது?"

"அதான் சரி பண்ணிட்டேன். இனிமே விழாது."

"ஓ"ன்னா. அப்புறம், "சரி, பேப்பர் இருக்கு"ன்னு சொல்லிட்டுப் போயிட்டா. வாழ்க்கையில மொதத் தடவையா என்னை ஜெயிச்சிருக்கா, ஒரு சந்தோஷம் வேணாமா? டீச்சர் வேலை மனுசரை எப்படி ஆக்கிருதுன்னு நெனச்சுக்கிட்டேன்.

நலங்கு ஞாயித்துக்கிழமை காலையில. அம்பது பொம்மைக்கு மேல வந்துச்சுண்ணே. எங்க சித்தப்பா சட்டை போடத் தெரியாம வெறும் உடம்போட வந்து முன் வரிசையில நின்னார். அத்தான் ஒருத்தர் டான்ஸ் பட்டனை அமுக்கிட்டு நிறுத்தத் தெரியாம கடைசி வரைக்கும் ஆடிக்கிட்டே இருந்தார், தாலி கட்டினவங்களுக்கு ஆசீர்வாதம் பண்றப்பவும் ஆடிக்கிட்டே பண்ணினார். செண்பகவல்லியோட நீலப் புடவை ஒரு ஓரமா, தூணுக்குப் பக்கத்துல. மாமன் பொண்டாட்டியில்ல, வராம இருக்க முடியாதே. அவ பொம்மையைப் பாத்ததும் என் பொம்மை கிட்டக்கப் போயி நின்னுக்கிச்சு. நான்தான் ஓட்டினேன், ஆனா அப்படித்தான் இருந்துச்சு.

தேங்காய் நல்லா உருண்டுச்சு. அப்பளத்துக்குக் கைதட்டல். என் தலைக்குக் கெடச்ச மரியாதை. அப்புறம் குடம். யாழினியும் மாப்பிள்ளையும் கையை விட்டாங்க. விட்டவுடனே மோதிரம் யாழினி கையில. முடிஞ்சு போச்சு. ஒரு பாட்டு ஆரம்பிச்ச அக்கா, முதல் அடியிலயே நிறுத்திட்டா. ரெண்டாவது தடவை, அதே மாதிரி. மூணாவதும் அதே. அம்பது பேரும் அசையாம நிக்கிறாங்க, டான்ஸ் ஆடுற அத்தானைத் தவிர.

மாப்பிள்ளையோட அத்தை மைக்கில தெளிவாச் சொல்லுச்சு. "குடத்தைச் செஞ்சது பொண்ணோட மாமாதானே?"

எனக்குச் சுர்ருன்னு ஏறிருச்சுண்ணே. கள்ளத்தனம் பண்ணினேங்குறாங்க. பேச ஆரம்பிச்சேன். நான் எழுதின ஸ்கிரிப்டையே பெரிய பலகையில தூக்கி மண்டபத்துல நிறுத்தி, இந்த வரியைப் பாருங்க, ரெண்டு கைக்கும் ஒரே நியாயம்தான்னு வரி வரியா அந்த அம்மாவுக்கு வெளக்கினேன். அது, "எனக்கு இங்கிலீஷ் தெரியாது தம்பி"ன்னுச்சு. தஞ்சாவூர்க்காரங்க பொம்மை ஒவ்வொண்ணா வாசப்பக்கம் திரும்புது. அக்கா எனக்குத் தனியாப் போன் அடிக்கிறா. எடுக்கல, எடுத்தா திட்டுவா.

அப்பத்தான் யாழினி சொன்னா, "மாமா, விடவே முடியலையே மாமா."

"எதுக்கும்மா விடணும்? எடுத்தா ஜெயிச்சாச்சுல்ல."

"அவருக்கு ஒண்ணாவது விட்டுக் கொடுக்கலாம்னு பாத்தேன். பட்டன்ல இருந்து கையை எடுத்தாலும் மோதிரம் கையை விட்டுப் போக மாட்டேங்குது."

மாப்பிள்ளை, "நானும் எடுத்து இவ கையில கொடுக்கலாம்னுதான் இருந்தேன், எடுக்கவே விடல"ன்னார். யாரோ ஒரு பொம்பளைக் குரல் சிரிச்சுச்சு. அந்தத் தஞ்சாவூர் அத்தைதான். "நாங்கள்லாம் அப்படித்தான் விட்டோம், இதுக்குப் போய் இந்த மனுசன் பூட்டு போட்டு வச்சிருக்காரு"ன்னுச்சு. உடனே ஆளாளுக்குச் சொல்றாங்கண்ணே. நான் ரெண்டு விட்டேன், நான் ஒண்ணு விட்டேன், எங்க வீட்டுக்காரருக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாதுன்னு. தெரியாத வீட்டுக்காரரும் பக்கத்துலயே நிக்கிறாரு. அக்கா போனை விட்டுட்டு மைக்கிலயே வந்துட்டா.

"உனக்கும் மூணு தடவை விட்டாடா அவ. நான் பக்கத்துலதான் நின்னேன். இவன் என்னமோ உலகத்தையே ஜெயிச்ச மாதிரி கையைத் தூக்கினான்."

நீலப் புடவை பொம்மை அசையல. பொம்மைக்கு மூஞ்சி மாறாது, நான்தான் அதுக்கெல்லாம் எழுதலையே. எனக்கு மட்டும் உடம்பெல்லாம் கூசிருச்சு. அந்தக் கீபோர்டு ஞாபகம் வேற வந்துச்சு.

பழைய ஸ்கிரிப்டை எடுத்துப் போட்டேன். அப்புறம் பாக்கணும்ணே நீங்க. யாழினி எடுத்து மாப்பிள்ளை பக்கம் விடுறா, அவர் எடுத்து அவ பக்கம் விடுறாரு. கை முட்டுது, நிக்குது, மறுபடி துழாவுது. மண்டபமே கத்துது. அக்கா பாட்டு முழுசாப் பாடி முடிச்சு இன்னொண்ணு ஆரம்பிச்சுட்டா. கடைசியில மாப்பிள்ளையோட அத்தையே பொறுக்க முடியாம, "யாராவது எடுத்துத் தொலைங்கடா, இங்க எனக்கு அடுப்புல ஒலை பொங்குது"ன்னுச்சு. ஒண்ணு அவளுக்கு, ஒண்ணு அவருக்கு, மூணாவது யாருக்குன்னு தெரியாமலேயே முடிச்சோம்.

அத்தோட விட்டிருக்கலாம். சித்தப்பா, சட்டை இல்லாத சித்தப்பா, "செஞ்சவன் பொண்டாட்டியோட ஆடிக் காட்டட்டும்"ன்னார். எல்லாரும் பிடிச்சுக்கிட்டாங்க. நீலப் புடவை வந்து குடத்துக்கு அந்தப் பக்கம் உக்காந்துச்சு. நானும் உக்காந்தேன். இந்தத் தடவை விட்டுக் கொடுத்துருவோம்னு முடிவு பண்ணிட்டேண்ணே. பெருந்தன்மை. மொதத் தடவை மோதிரம் எனக்குத்தான் சிக்குச்சு. எடுத்தேன், அவ கைக்குப் பக்கத்துல விட்டேன். அவ எடுத்தா. அவளும் விடுவான்னு காத்திருந்தேன். விடல. ரெண்டாவதும் அதே மாதிரி விட்டேன், எடுத்து வச்சுக்கிட்டா. கைதட்டுறாங்க, மாமா விட்டுக் கொடுத்துட்டாருன்னு. மூணாவதும் அவ எடுத்தா. ஆக மூணுக்கு மூணு.

எல்லாரும் கெளம்பினப்புறம் அவ பொம்மை மட்டும் நின்னுச்சு. "எப்ப வர்றீங்க?"ன்னா. வர்றீங்களான்னு கேக்கலண்ணே. புதன்கிழமைன்னேன். மேசை என்ன அளவுன்னு கேட்டா. சன்னல்கிட்ட இடம் அளந்து வைக்கணுமாம். டேப்பை எடுத்து அளந்து சொன்னேன், சொல்றப்பக் குரல் ஒரு மாதிரியா போச்சு, ஜலதோஷம்னுட்டேன். மதுரை வீட்டை வாடகைக்கு விட்டாச்சு. சாமானெல்லாம் லாரியில வருது.

கிருஷ்ணன்கோயில் தாண்டிருச்சுல்ல? அப்ப உங்களுக்கு எறங்க இன்னும் கொஞ்ச நேரம் இருக்கு. ஒண்ணு சொல்றேன், யார்கிட்டயும் சொல்லாதது. ரெண்டு தடவைதாண்ணே நான் விட்டுக் கொடுத்தேன். மூணாவது தடவை விடல. ரெண்டு போயிருச்சே, ஒண்ணாவது எடுப்போம்னு என் புத்தி கேக்கல. குடம் நான் செஞ்சது, மோதிரம் எங்க போயி நிக்கும்னு எனக்குத் தெரியும், முழு மூச்சாத்தான் துழாவினேன். அவ அலுங்காம எடுத்துட்டுப் போயிட்டா. நெனச்சிருந்தா என்னைக்கு வேணும்னாலும் எடுத்திருப்பாண்ணே அவ. அக்காகிட்டயும் மத்தவங்ககிட்டயும் மூணையும் நான்தான் விட்டேன்னு சொல்லி வச்சிருக்கேன். நீங்களும் யாராச்சும் கேட்டா அப்படியே சொல்லிருங்க.